பிறக்காத ஊரின் கடிதம்

செல்லம் இங்கிலாந்தில் பிறந்தவள் என்பது அவளுக்கே அறுபத்தோராவது வயதில்தான் தெரியவந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில், ஏழாம் எண் கவுண்டரில் வைத்துச் சொன்னார்கள். அலுவலகத்தின் பெயர் நமக்கு வேண்டாம். கவுண்டர் எண் போதும்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நூருல் என்ற பெண். இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பெண். கணினித் திரையைச் செல்லத்தின் பக்கம் திருப்பிக் காட்டி மலாயில் விளக்கினாள். மாச்சிக் என்றால் அம்மா வயதுப் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது.

"மாச்சிக், பிறப்புப் பத்திரத்துல ஆலிங்கோட் எஸ்டேட், காஹாங்னு போட்டிருக்கு. சிஸ்டத்துல அப்படி ஒரு எஸ்டேட் தாக் அடா."

தாக் அடா என்றால் இல்லை. சிஸ்டம் தாக் அடா என்று சொல்லிவிட்டால், பிறந்தவளே நேரில் வந்து நின்றாலும் இல்லைதான்.

"அப்ப என்னதான் இருக்கு?"

"ஆலிங்கோட் ரெண்டு இருக்கு. ஒண்ணு இங்கிலாந்து, ஒண்ணு அமெரிக்கா."

கடையில் காப்பியா டீயா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ரெண்டும் வேணாம்மா. நான் காஹாங்ல, தோட்டத்து லயத்து வீட்டுல பிறந்தவ."

"கட்டத்தைக் காலியா விட்டா சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேங்குது. அதான் முதல்ல இருந்ததைப் போட்டுட்டேன். செமெந்தாரா, மாச்சிக். தற்காலிகமா."

"தற்காலிகமா நான் வெள்ளைக்காரி."

"ஆமா." நூருல் சிரிக்கவில்லை. "மாத்தணும்னா அந்த ரெண்டு ஊர்லயும் மாச்சிக் பிறக்கலைன்னு அங்கேர்ந்து கடிதம் வரணும். முத்திரையோட. அக்டோபர் முப்பத்தொண்ணுக்குள்ள."

விஷயம் இதுதான். செல்லத்தின் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கேயே பிறந்து, இங்கேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டி, இங்கேயே பிள்ளை பெற்றவள்தான். ஆனாலும் குடிமகள் இல்லை, நிரந்தரமாகத் தங்கியிருப்பவள். தோட்டத்தில் எல்லாரும் குடிமக்களுக்கான நீல அட்டைக்கு எழுதிக்கொடுத்த வாரத்தில் அவள் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த ஒரு வாரக் காய்ச்சல் அறுபது வருடமாக இறங்கவில்லை. செத்துப்போன புருஷனுக்கு நீலம், மகள் ரூபினிக்கு நீலம், மருமகனுக்கு நீலம். வீட்டில் நீல அட்டை இல்லாதவர்கள் இரண்டு பேர், செல்லமும் பூனையும்.

தேர்தல் அன்று மற்றவர்கள் விரலில் மையோடு வந்து சாப்பிட உட்காருவார்கள். செல்லம் சோறு போடுவாள். மை பட்ட கையால் சோற்றைத் தொடாதே என்று திட்டுவாள். அந்தத் திட்டு சுத்தத்துக்காக இல்லை என்பது ரூபினிக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் போட்ட மனு இப்போதுதான் கடைசிப் படிக்கு வந்திருந்தது. பிறந்த இடத்துச் சிக்கல் தீராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், அது இதே படிக்கு வரும்போது அவளுக்கு எழுபத்திரண்டு.

தோட்டத்தைத் திறந்த முதல் தொரை தன் சொந்த ஊர்ப் பெயரையே அதற்கும் வைத்துவிட்டுப் போனார். தமிழர்கள் வாயில் அது ஆலங்கோட்டை ஆனது. ஆலமரமும் கிடையாது, கோட்டையும் கிடையாது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. கட்டியவர்கள் அதற்குத் தாமான் மெலாத்தி என்று மல்லிகையின் பெயரை வைத்தார்கள். மல்லிகையும் கிடையாது. ஆலங்கோட்டை என்ற பெயர் இப்போது மிச்சமிருப்பது முனீஸ்வரர் கோயில் தகரப் பலகையிலும் செல்லத்தின் பிறப்புப் பத்திரத்திலும்தான்.

அன்று மாலை செல்லம் மூலை வீட்டுச் சரவணமுத்துவிடம் போனாள். முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன் தமிழர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நூறு வருடமாகியும் பேச்சு இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. அவருக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை: பாரத்தில், அதாவது படிவத்தில், எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. தன் கல்யாணப் பதிவில் 'குறிப்புகள்' என்ற கட்டத்தில் 'மழை' என்று எழுதியவர்.

"நீர் கவலைப்படாதேயும், செல்லம்," என்றார். "பிறந்ததுக்குக் கடிதம் வாங்கிறதுதான் கஷ்டம். பிறக்கேல்லை எண்டு வாங்கிறது சுகம். உலகத்தில எல்லா ஊரும் உமக்கு அதைத் தரலாம்."

"ரெண்டு ஊரு தந்தா போதும் ஐயா."

இங்கிலாந்துக்கு ஒரு கடிதமும் அமெரிக்காவுக்கு ஒரு கடிதமும் போயின. 'மேற்கண்ட செல்லம் என்பவர் தங்கள் ஊரில் எக்காலத்திலும் பிறக்கவில்லை என்பதைத் தயைகூர்ந்து உறுதிப்படுத்தவும்.' ரூபினி அவற்றைப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினாள். அமெரிக்காவுக்குப் போனதற்குப் பதிலே இல்லை. இங்கிலாந்திலிருந்து இருபது நாளில் வந்தது. மிஸ் ப்ரூடன்ஸ் என்பவர் எழுதியிருந்தார். ஆலிங்கோட் ஆதிக் குடியேறிகள் நினைவுக் கழகத்தின் செயலாளர்.

அவர்கள் ஊரிலிருந்து 1635-ஆம் ஆண்டு நாற்பது குடும்பத்தார் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். ராஜாவோடும் அவர் பாதிரிமார்களோடும் ஒத்துப்போகவில்லை. போன இடத்தில் காடு வெட்டி ஊர் கட்டி, அதற்கும் ஆலிங்கோட் என்றே பெயர் வைத்தார்கள். இது அதற்கு முந்நூற்றுத் தொண்ணூறாவது ஆண்டு. இந்த வேளையில் மூன்றாவதாக ஓர் ஆலிங்கோட் இருப்பது தெரிந்து கழகம் மகிழ்கிறது. கேட்ட கடிதம் தருவதற்கு முன்னால், உங்கள் ஆதிக் குடியேறிகளைப் பற்றி இணைப்பிலுள்ள பாரத்தை நிரப்பி அனுப்ப முடியுமா?

ஒன்பது பக்கம். கட்டங்களைப் பார்த்ததும் சரவணமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"செட்லர் எண்டு கேட்டிருக்கினம். செட்லர் எண்டால் பெனரோக்கா."

ஜொகூரில் பெனரோக்கா என்றால் ஒரே பொருள்தான். அரசாங்க நிலத் திட்டத்தில் பத்து ஏக்கரும் பலகை வீடும் கொடுத்துக் குடியேற்றப்பட்டவர்.

"உங்கட ஆக்களுக்கு நிலம் குடுத்தவையோ?"

"பத்து பூச்சட்டிகூடக் குடுக்கல ஐயா."

"காடு வெட்டினவையோ?"

"அது வெட்டுனாங்க."

'நிலம் கிடைக்காத வகைப் பெனரோக்கா' என்று ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்த கட்டம்.

"ஊரை விட்டு வந்த காரணம். மத நெருக்கடியோ, ராஜாவின்ர கொடுமையோ?"

"பஞ்சம். அப்புறம் எங்க பூட்டனுக்கும் அவரு சின்னாத்தாளுக்கும் சண்டை."

"சின்னாத்தாளை ராஜா கட்டத்தில போடுறன். வந்த கப்பலின்ர பேர்?"

"கப்பல்."

"ஓம், அதின்ர பேர்?"

"கப்பல்ல வந்தோம்னுதான் சொல்லுவாங்க ஐயா. கப்பலுக்குப் பேரு இருந்துச்சா, யாரு கேட்டா?"

சரவணமுத்து கட்டத்தைப் பார்த்தார். கட்டம் அவரைப் பார்த்தது. வெறுமையாக விட முடியாது. 'கப்பல்' என்று ஆங்கில எழுத்தில் அழகாக எழுதினார். பொய் இல்லை. தமிழிலும் சரி, மலாயிலும் சரி.

"போக நினைச்ச இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தவையோ?"

"எங்க? ரங்கூன்னு சொல்லித்தான் ஏத்துனாங்களாம். எறங்கிப் பாத்தா இங்க."

'இல்லை' என்று எழுதினார்.

முதல் பனிக்காலத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்? பனி இல்லை, காய்ச்சல், பாதிப் பேர். அந்நிலத்து மக்கள் உதவினார்களா? பக்கத்துக் கம்பத்து மலாய்க் கிராமத்தார் மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். முதல் அறுவடைக்கு நன்றி விருந்து வைத்தார்களா? பொங்கல். சமயச் சின்னம் ஏதேனும் கொண்டு வந்தார்களா?

"ஒரு கல்லு," என்றாள் செல்லம். "முனியாண்டி கல்லு. இப்பவும் கோயில்ல இருக்கு."

ஒன்பது பக்கத்தில் ஒரு கட்டம் மிச்சமில்லை. சரவணமுத்துவின் மனைவி திலகம் அன்று அவருக்கு இரண்டாவது கோப்பை தேநீர் கேட்காமலே கொடுத்தார்.

பதில் பதினோராம் நாள் வந்தது. 'அன்புள்ள சகோதரி செல்லம்' என்று தொடங்கியது. சரவணமுத்து இரண்டு முறை படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க ஐயா? பிறக்கலைன்னு போட்டாச்சா?"

"செல்லம், 1635-இல மூண்டு கப்பல் வெளிக்கிட்டதாம். ரெண்டுதான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. மூண்டாவது எங்க போச்சுது எண்டு இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாதாம். இருபத்து மூண்டு பேர். அந்தக் கப்பலின்ர பேர் சேப்பல். ஆனால் அந்தக் காலத்தில எழுத்துக்கூட்டல் அவையவையின்ர விருப்பம். துறைமுகப் புத்தகத்தில..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "துறைமுகப் புத்தகத்தில கப்பல் எண்டு எழுதியிருக்காம்."

செல்லம் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் யாரு?"

"அந்த இருபத்து மூண்டு பேரின்ர வாரிசு. மிஸ் ப்ரூடன்ஸ் உம்மைப் பார்க்க வாறா."

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி குளுவாங் ரயில் நிலையத்தில் மிஸ் ப்ரூடன்ஸ் இறங்கினார். எழுபது வயது, ஒல்லி, வைக்கோல் தொப்பி, கையில் நீளமான ஒரு தகரக் குழாய். செல்லத்தை நெருங்கி, முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ரப்பர் மர நிழலிலும் சந்தை வெயிலிலும் பதப்பட்ட அந்தக் கரிய முகத்தைப் பார்க்கப் பார்க்க அவர் கண் கலங்கியது.

"நாலு நூற்றாண்டு வெயில்," என்றார் மெல்ல.

"வெயில் கூடிப்போச்சுது எண்டுறா," என்று சரவணமுத்து மொழிபெயர்த்தார்.

நம்பியே தீருவது என்று பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவரை வெறும் கண் என்ன செய்துவிட முடியும்? கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கல்லைக் காட்டினார்கள். அமெரிக்காவில் இறங்கியவர்களும் ஒரு கல்லைத்தான் காட்டுகிறார்களாம். மிஸ் ப்ரூடன்ஸ் கல்லின் முன் நின்று, கடலில் இத்தனை காலம் அலைந்த பிறகும் வடிவம் மட்டும் மாறவில்லை என்றார். எண்ணெய் மாதம் ஒரு முறை மாற்றுவோம் என்றார் கோயில் தலைவர் தங்கராஜு. இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதாக நினைத்துக் கை குலுக்கினார்கள்.

பிறகு தகரக் குழாய் திறந்தது. உள்ளே தடித்த தாள், சிவப்பு மெழுகு முத்திரை, தங்க எழுத்து. 'ஆதிக் குடியேறிகளின் வழித்தோன்றல் செல்லம், என்றென்றும் இங்கிலாந்து ஆலிங்கோட்டைச் சேர்ந்தவர்.'

கைதட்டல் முடிந்ததும் செல்லம் சரவணமுத்துவின் காதில் கேட்டாள். "பிறக்கலைன்னு எங்க இருக்கு?"

"அப்படி ஒரு வரி இல்லை."

"மூணு மாசமா அதைத்தானே கேட்டோம்."

"முத்திரை இருக்கு, செல்லம். நல்ல முத்திரை. கொண்டுபோய்க் காட்டிப் பாரும்."

புதன்கிழமை ஏழாம் கவுண்டரில் நூருல் தாளை விரித்தாள். அது கவுண்டரைவிட அகலமாக இருந்தது.

"செட்லர்னு போட்டிருக்கே. மாச்சிக் பெனரோக்கா குடும்பமா? எந்தத் திட்டம்? அதுக்கு மூணாம் மாடிக்குப் போகணும்."

"அந்தப் பெனரோக்கா இல்லம்மா. இது நிலம் கிடைக்காத பெனரோக்கா."

நூருல் மறுபடி படித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாச்சிக், இதுல மாச்சிக் என்னைக்கும் இங்கிலாந்துக்காரின்னு முத்திரை போட்டுக் குடுத்திருக்காங்க. இதை ஸ்கேன் பண்ணினா செமெந்தாரா போயிடும். நிரந்தரமாயிடும்."

அவள் கை ஸ்கேனர் மூடியின் மேல் இருந்தது. செல்லம் தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தாள்.

"நான் எதையும் பார்க்கல," என்றாள் நூருல். "வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

பஸ்ஸில் வரும்போது செல்லம் குழாயை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அறுபது வருடமாக இந்த ஊருக்கு அவள் சொந்தமா என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. கேட்காத ஒரு ஊர் விமானம் ஏறி வந்து சொந்தம் என்கிறது. அலமாக், அடக் கடவுளே, அவள் கடை போடும் சந்தையில்கூட இப்படித்தான். வெற்றிலை கேட்டு வரும்போது வெற்றிலை தீர்ந்திருக்கும், கேட்காத கறிவேப்பிலை கட்டுக் கட்டாக இருக்கும்.

மிஸ் ப்ரூடன்ஸ் சரவணமுத்து வீட்டில்தான் தங்கியிருந்தார். திலகம் கொடுத்த இடியாப்பத்தை, இதன் நுனி எங்கே என்று தேடுவதுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்லம் எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. மழுப்பாதீங்க."

"நான் எப்ப மழுப்பினனான்?"

"வெயில் கூடிப்போச்சுன்னீங்களே. எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் வரும்."

சரவணமுத்து இருமினார்.

"மிஸ், கப்பல்னா எங்க பாஷையில கப்பல்தான். பேரு இல்ல. எங்க ஆளுங்க நாகப்பட்டினத்துல ஏறுனவங்க. ரங்கூன்னு நெனச்சு இங்க எறங்குனாங்க. உங்க ஆளுங்க யாரையும் வழியில பாக்கல. பாத்திருந்தா சொல்லியிருப்பாங்க."

மொழிபெயர்ப்பை மிஸ் ப்ரூடன்ஸ் முழுவதும் கேட்டார். பிறகு இடியாப்பத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "ரயில் நிலையத்திலேயே தெரியும். ஆனால் நான் வந்துவிட்டேனே."

அவர் ஊர்த் தேவாலயத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருக்கிறதாம். ஒவ்வோர் ஆண்டும் மூன்று கப்பல்காரர்களின் பெயரையும் வாசிப்பார்கள். முதல் இரண்டு கப்பலின் பெயர்கள் வரும்போது அமெரிக்காவிலிருந்து வந்த பேரன் பேத்திகள் எழுந்து நிற்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், அங்காடியில் துணிப்பை வாங்குவார்கள். மூன்றாவது கப்பலின் பெயர்களை வாசிக்கும்போது யாரும் எழுந்திருப்பதில்லை. முப்பத்தொரு வருடமாக அந்தப் பெயர்களை வாசிப்பது மிஸ் ப்ரூடன்ஸ். ஒரு முறையாவது யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"இப்போது நீங்கள் பிறக்கவில்லை என்று நானே கையெழுத்திட்டால்," என்றார், "அந்தக் கப்பல் இரண்டாவது தடவை மூழ்கும்."

செல்லம் இடியாப்பத் தட்டை மறுபடி அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"எங்க பூட்டனோட தம்பிங்க ரெண்டு பேரு கப்பல்லயே செத்துட்டாங்க. கடல்ல போட்டுட்டாங்க. அவங்க பேரு யாருக்கும் தெரியாது. எங்ககிட்ட ஆளு இருக்கு, பேரு இல்ல. உங்ககிட்ட பேரு இருக்கு, ஆளு இல்ல." அவள் எழுந்தாள். "செத்தவங்களுக்கு எழுந்து நிக்கிறதுக்குச் சொந்தக்காரங்கதான் வேணும்னு எங்க வழக்கத்துல இல்ல மிஸ். பேரு தெரிஞ்சா போதும். நாங்க இலை போட்டுருவோம். இலை என் கடையிலயே இருக்கு."

அவள் குளுவாங் சந்தையில் விற்பது வாழையிலையும் வெற்றிலையும் கறிவேப்பிலையும்தான்.

தங்கராஜு முதலில் தலையைச் சொறிந்தார். "கடல்ல போன வெள்ளைக்காரங்களுக்கு நம்ம கோயில்ல படையலா? சாமி ஒண்ணும் சொல்லாதா?"

"காவல் சாமிதானே, அட்டையா கேக்கப்போறாரு?" என்றாள் செல்லம்.

"சரி, அவங்க என்ன சாப்பிடுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

மிஸ் ப்ரூடன்ஸ் யோசித்துச் சொன்னார். "ரொட்டி. உப்பு மாட்டிறைச்சி. பீர்."

"ரொட்டி ஓகே," என்றார் தங்கராஜு. "பீர் ஓகே. நடுவுல என்னமோ சொன்னாங்க, எனக்குக் காது கேக்கல."

"உறுமி மேளம் அடிக்கலாமா?" என்று தங்கராஜுவே கேட்டார்.

"வேண்டாம்," என்றார் சரவணமுத்து. அவர் இரவெல்லாம் அவர்களைப் பற்றிப் படித்திருந்தார். "மேளம், ஆட்டம், கிறிஸ்துமஸ் ஒண்டும் பிடியாத ஆக்கள். கோவிப்பினம்."

"கிறிஸ்துமஸ் பிடிக்காத வெள்ளைக்காரங்களா? அதான் ராஜா விரட்டிட்டாரு," என்றார் தங்கராஜு.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முனீஸ்வரர் முன்னால் இருபத்து மூன்று இலை விரிந்தது. ரொட்டி, கறுப்பு பீர், வடை, வாழைப்பழம், தங்கராஜுவின் வற்புறுத்தலால் ஆளுக்கொரு சுருட்டு. தாமான்காரர்கள் முப்பது பேர் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லி வந்து நின்றார்கள். விடுப்புக்குக் காரணம் கேட்ட முதலாளிகளிடம் உறவில் சாவு என்றார்கள். எப்போது என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

மிஸ் ப்ரூடன்ஸ் பெயர்களை வாசித்தார். அந்தக் காலத்து பக்திப் பெயர்கள். சரவணமுத்து ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தார்.

"பொறுமை ஹோல்ட், வயது நாற்பது. அஞ்சாதே பேக்கர், வயது பத்தொன்பது. நன்றியோடிரு பேக்கர், அவன்ர தங்கச்சி."

ஒவ்வொரு பெயருக்கும் தங்கராஜு ஒரு இலையில் தண்ணீர் தெளித்தார். கூட்டத்தில் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஏற்கெனவே எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், எழுந்து நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"மௌனம் வைட்," என்று சரவணமுத்து நிறுத்தினார். "வயது மூண்டு."

செல்லம் அந்த இலையிலிருந்து சுருட்டை மட்டும் எடுத்துவிட்டு, இன்னொரு வாழைப்பழம் வைத்தாள்.

இருபத்தொரு பெயரோடு பட்டியல் நின்றது. மிஸ் ப்ரூடன்ஸ் தாளைத் தாழ்த்தினார். கடைசி இரண்டு பேருக்கு ஏட்டில் பெயர் இல்லை. 'ஒரு வேலையாள். மற்றொரு வேலையாள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"பரவால்ல," என்றாள் செல்லம். "பேரு இல்லாத ரெண்டு பேரு எங்ககிட்டயும் இருக்காங்க. அந்த ரெண்டு இலையிலயே நாலு பேரும் உக்காந்துக்குவாங்க. வேலையாளுங்கதானே, அனுசரிச்சுப் போவாங்க."

சரவணமுத்து மழுப்பாமல் மொழிபெயர்த்தார். மிஸ் ப்ரூடன்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

மதியம் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். முதல் வரி சுலபமாக வந்தது. 'செல்லம் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து போனவர்களுக்கும் பிறக்கவில்லை.' இங்கிலாந்து முடிந்தது. அமெரிக்காதான் இடித்தது. அங்கிருந்து பதிலே வரவில்லை, நாளை கடைசி நாள்.

சரவணமுத்து நெற்றியைத் தேய்த்தார். "மிஸ், அமெரிக்க ஆலிங்கோட் ஆர் கட்டினது?"

"நாங்கள். எங்கள் ஊரிலிருந்து போனவர்கள்."

"அப்ப அது உங்கட பிள்ளை. உங்கட ஊர் தாய். பிள்ளை வாய் திறக்காட்டில் தாய் கையெழுத்து வைக்கலாம். எங்கட அலுவலகத்தில பள்ளிக்கூடப் பாரம் எல்லாம் அப்பிடித்தான் எடுத்தனாங்கள்."

மிஸ் ப்ரூடன்ஸ் அரை நிமிடம் யோசித்தார். "அவர்கள் எங்களிடம் அனுமதி கேட்டு இருநூற்றைம்பது வருடம் ஆகிறது," என்றார். பிறகு முகத்தில் ஒரு திருப்தியோடு எழுதினார். 'அமெரிக்க ஆலிங்கோட்டிலும் இவர் பிறக்கவில்லை. அதன் தாய் ஊர் என்ற முறையில் அதன் சார்பில் உறுதியளிக்கிறோம். ஜொகூரில் உள்ள ஆலிங்கோட்டை நான் நேரில் கண்டேன். அங்கே எங்களுக்கு மதிய உணவு கொடுத்தார்கள்.' கழக முத்திரையைக் கைப்பையில் வைத்திருந்தார். மூன்று இடத்தில் குத்தினார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நூருல் கடிதத்தை வரி வரியாகப் படித்தாள். தாய் ஊர் என்ற இடத்தில் நிறுத்தி, பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முத்திரைகளை எண்ணினார். மூன்று என்றார். மூன்று இருந்தால் போதும் என்றார்.

ஸ்கேனர் மூடி திறந்து மூடியது. நூருல் நெடுநேரம் தட்டினாள்.

"புதுசா ஒரு இடம் சேர்த்துட்டேன் மாச்சிக். ஆனா வெறும் ஆலிங்கோட்னு போட்டா சிஸ்டம் மறுபடி இங்கிலாந்துக்கு இழுக்குது. அதனால இப்படிப் போட்டிருக்கேன்."

அச்சாகி வந்த சீட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருந்தது: ஆலிங்கோட், புக்கான் இங்கிலாந்து. புக்கான் என்றால் அல்ல.

"அமெரிக்காவும் இல்லைன்னு போட்டுரும்மா."

"கட்டத்துல இடம் பத்தல மாச்சிக்."

ஃபைல் மூடவில்லை. அடுத்த படிக்குப் போய்விட்டது, கூப்பிடுவார்கள், எப்போது என்று தெரியாது, ஆனால் கூப்பிடுவார்கள். நூருல் சீட்டின் நகலை நீட்டிப் பேனாவைக் கொடுத்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து."

செல்லம் பேனாவைத் தொடவில்லை. கவுண்டரின் மூலையில் எழுதத் தெரியாதவர்களுக்காக வைத்திருந்த நீல மைப் பெட்டியைப் பார்த்தாள்.

"மாச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ல? போன தடவை போட்டீங்களே."

"தெரியும்," என்றாள் செல்லம். "மையைக் குடு."

பெருவிரலை நன்றாக அழுத்தி எடுத்தாள். துடைக்க நூருல் நீட்டிய காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காஹாங் பஸ்ஸில் விரலை எதன் மேலும் படாமல் தூக்கிப் பிடித்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்து, கை கழுவாமல், சாப்பிட உட்கார்ந்தாள்.

"ரூபினி," என்றாள், "சோறு போடு."